தென்பெண்ணைக் கரையில் நுட்பத் தொழில்கள்

(மூங்கில்துறைப்பட்டில் ஊராட்சித் தலைவர்களும் மகளிர் குழுவினரும் இளைஞர்களும் கூடிய கருத்தரங்கில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நுட்பத் தொழில்களையும் அவற்றிற்கான முதலீட்டையும் வரவேற்பதற்கு நமது வட்டாரத்தில் உள்ள வலிமை யாது என்பதாகும். இதனைக் கேட்டவுடன், "இஃது ஓசூருக்கும் கோயம்புத்தூருக்கும் ஏற்ற பேச்சாயிற்றே, கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளைவிக்கும் நமக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியன்று என்பதை எடுத்துக்காட்டுவதும், அதே வேளையில் இல்லாத பெருமைகளைச் சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

நம் ஊரைத் தொட்டுச் செல்லும் தென்பெண்ணையாறு கருநாடக மாநிலத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. பெங்களூரின் கிழக்குப் புறமாக ஓடி வந்து, ஓசூருக்கு அருகில் உள்ள கெலவரப்பள்ளி அணையிலும், பின்னர்க் கிருஷ்ணகிரி அணையிலும், சாத்தனூர் அணையிலும் தங்கி, அதன் பின்னரே நம்மிடம் வந்து சேருகிறது. ஆறு அங்கிருந்து இங்கு வருகிறது. நம் பிள்ளைகளோ இங்கிருந்து அங்குச் செல்கின்றனர். இந்த ஒரு செய்தியைச் சிந்தித்துப் பார்த்தாலே நம் முன் உள்ள கேள்வி விளங்கிவிடும்.

நாம் நன்கு அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. தந்தையார் மூன்று ஏக்கரில் கரும்பு பயிரிடுபவர். மகள் பொறியியல் படித்துப் பெங்களூரில் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். வாங்கும் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி, விடுதி வாடகைக்கும் உணவுக்கும் போக்குவரத்துக்கும் கரைந்துவிடுகிறது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்தபோது அப்பெண் வீட்டுக்குத் திரும்பினார். மொட்டை மாடியில், கைபேசிக்கு அலை சரியாகக் கிடைக்கும் ஒரு மூலையில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் அமர்ந்து, பெங்களூரில் செய்த அதே வேலையை ஓராண்டுக்கு மேல் இங்கிருந்தே செய்தார். மின்சாரம் நின்றுபோகும் நேரங்களில் பக்கத்து ஊரில் உள்ள உறவினர் வீட்டுக்கு ஓடுவார். பின்னர் அலுவலகத்தார் அழைக்கவே மீண்டும் பெங்களூருக்குச் சென்றுவிட்டார்.

வேலை இங்கு வந்தது. ஓராண்டு தங்கவும் செய்தது. அதனை நிலையாகத் தங்க வைக்கத் தேவையான ஓர் அறையும், தடையற்ற மின்சாரமும், உறுதியான இணைய இணைப்பும் நம்மிடம் ஆயத்தமாக இல்லை. ஆதலின் வேலையும் சென்றது, பெண்ணும் சென்றார். இந்தக் குறையை நீக்குவது எவ்வாறு என்பதே நாம் ஆராய வேண்டுவது.

ஆலை கற்பித்த பாடம்

நுட்பத் தொழில் நமக்குப் புதிதன்று. இவ்வூரில் உள்ள கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் பாருங்கள். கொதிகலனும் நீராவிச் சுழலியும் ஆய்வுக்கூடமும் கொண்ட ஒரு பெரிய இயந்திரத் தொழில், ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நடைபெற்று வருகிறது. நம் வீடுகளில் பிட்டர் உண்டு, வெல்டர் உண்டு, மின்பணியாளர் உண்டு. கரும்பின் சர்க்கரைக் கட்டுமானம் ஒரு சதவிகிதத்தில் சிறு பகுதி குறைந்தாலும் அதனால் நேரும் இழப்பு எவ்வளவு என்பதை நம் விவசாயிகள் அறிவர். வெட்டு உத்தரவு எப்போது வரும், வண்டி எத்தனை மணிக்கு எடைமேடை ஏறும், வெட்டிய கரும்பு காய்ந்துபோனால் எடை எவ்வளவு குறையும் என்றெல்லாம் கணக்கிட்டு வாழ்பவர்கள் நாம். காலந்தவறாமையும் அளவையும் தரமும் இயந்திரத் தொழிலின் உயிர்நாடிகள். இவற்றில் நமக்கு இரண்டு தலைமுறைப் பயிற்சி இருக்கிறது.

ஆலை கற்பித்த இரண்டாவது பாடம் அதனினும் பெரிது. ஒரு தனி முதலாளியின் பணத்தைக் கொண்டு எழுந்ததன்று இவ்வாலை. சிறு நிலம் உடைய பல்லாயிரம் விவசாயிகள் பங்குதாரர்களாகச் சேர, அரசும் துணைநிற்க, கூட்டுறவு முறையில் அமைந்தது. முதலீடு என்றதும் வெளியூரிலிருந்து யாரோ ஒருவர் பெட்டி நிறையப் பணத்துடன் வருவதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். நம்முடைய சிறு சேமிப்பு ஒன்றுகூடினால் அதுவும் முதலீடே. மகளிர் குழுக்கள் பிசகாமல் கடன் திருப்பிச் செலுத்தும் பழக்கமும் ஒரு மூலதனமே.

தொழில் தொடங்குவோர் கேட்பது என்ன?

ஓர் இடத்தில் தொழில் தொடங்க வருவோர் ஐந்து கேள்விகளைக் கேட்பார்கள். அவற்றிற்கு நாம் அளிக்கக்கூடிய விடைகளை ஒளிவுமறைவின்றிப் பார்ப்போம்.

முதலாவது, சாலை. திருவண்ணாமலையிலிருந்து கள்ளக்குறிச்சி செல்லும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே செல்கிறது. கள்ளக்குறிச்சியை அடைந்தால் சேலம்–உளுந்தூர்ப்பேட்டைத் தேசிய நெடுஞ்சாலை. உளுந்தூர்ப்பேட்டையை அடைந்தால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. சின்னசேலத்தில் சேலம்–விருத்தாசலம் இரயில் பாதை இருக்கிறது. ஆகவே சாலையைப் பொறுத்தவரையில் நாம் தலைநிமிர்ந்து விடை கூறலாம்.

இரண்டாவது, மக்கள். ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி முடித்து, தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் கல்லூரிகளிலும் பயின்று வெளிவரும் இளைஞர் பலர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கப்பெற்ற 'நான் முதல்வன்' திட்டத்தின் மூலம் மாணவர்களுக்குத் திறன் பயிற்சியும் கிடைத்து வருகிறது. ஆட்கள் உளர்; ஆனால் இன்னார் இன்ன வேலை அறிந்தவர் என்ற பட்டியல் எந்த ஊராட்சியிலும் இல்லை. தொழில் தொடங்க வருபவர் கேட்டால், "நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்று கையை விரித்துக் காட்டுவதைத் தவிர நம்மால் வேறொன்றும் சொல்ல இயலவில்லை.

மூன்றாவது, மின்சாரம். மின்கம்பி எட்டாத ஊர் சமவெளியில் இல்லை. எனினும் பாசனக் காலத்தில் மோட்டார்கள் ஒருசேர ஓடும்போது மின் அழுத்தம் தாழ்ந்துவிடுவதை நாம் அறிவோம். விளக்கு மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், கணிப்பொறி பொறுத்துக்கொள்ளாது. கட்டடத்தின் மேற்கூரையில் சூரிய மின்தகடுகளும், கீழே மின்கலத் தொகுதியும் அமைத்துக்கொள்வது இதற்கு ஏற்ற பரிகாரமாகும்.

நான்காவது, இணையம். பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பணியை, 'டான்பிநெட்' எனப்படும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது. வாய்க்கால் வெட்டினால் மட்டும் வயல் விளைவதில்லை. மடை திறந்து, நீர் பாய்ச்சி, வரப்பைக் காத்து வர வேண்டும். அதுபோலவே ஊராட்சி அலுவலகத்தின் வாயில் வரை வரும் இழையை வேலை நடக்கும் அறைக்குக் கொண்டு செல்வதும், சாலை தோண்டும்போது அறுபட்டுவிடாமல் காப்பதும் நம் பொறுப்பாகும்.

ஐந்தாவது, இடம். இதைப் பற்றிச் சிறிது பின்னர் விரிவாகக் கூறுவோம்.

பிற ஊர்களில் நடந்தவை

கிராமத்தில் கணிப்பொறித் தொழில் நடக்குமா என்று ஐயுறுவோர் தென்காசிக்கு அருகில் உள்ள மத்தளம்பாறைக்குச் சென்று பார்க்கலாம். 1996ஆம் ஆண்டு 'அட்வெண்ட்நெட்' என்ற பெயரில் தொடங்கி, இன்று உலகெங்கும் மென்பொருள் விற்கும் ஸோகோ நிறுவனம், 2011ஆம் ஆண்டில் தென்காசியில் ஒரு சிறு அலுவலகத்தைத் திறந்தது. வாடிக்கையாளர்களின் குறைகளைப் பதிவு செய்து தீர்ப்பதற்குப் பல நாட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் 'ஸோகோ டெஸ்க்' என்னும் மென்பொருள் அங்கு உருவானதே. அந்நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல், பள்ளிப் படிப்பையும் பட்டயப் படிப்பையும் முடித்தவர்களைத் தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்து, உதவித்தொகை அளித்துப் பணிக்குப் பழக்கி வருகிறது. அங்கும் முதலில் வந்தது ஒரு சிறு கட்டடமும் சில இளைஞர்களுமே. பெரிய வளாகம் பிறகு வந்தது.

திருவாரூர் மாவட்டத்தில் கொல்லுமாங்குடி என்னும் ஊர் இருக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆதரவில் வளர்ந்த 'தேசிக்ரூ' என்னும் நிறுவனம் அவ்வூரில் மையம் ஒன்றை அமைத்து, தகவல்களைக் கணிப்பொறியில் பதிவு செய்யும் வேலையைச் சுற்றுவட்டார இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அளித்தது. வயல் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு தொலைவில் உள்ள நிறுவனங்களுக்கு வேலை செய்ய இயலும் என்பதற்கு இது மற்றொரு சான்றாகும்.

அண்டை மாவட்டத்தையும் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் சென்னையில் திறக்கப்பெற்ற டைடல் பூங்காவைப் போன்று, ஆயின் அளவில் சிறியதாக, விழுப்புரம் மாவட்டம் திருச்சிற்றம்பலத்தில் ஒரு தகவல் தொழில்நுட்பப் பூங்கா 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 63,000 சதுர அடிப் பரப்புடையது. 31 கோடி ரூபாயில் அமைந்தது. நமது மாவட்டத்திலேயே உளுந்தூர்ப்பேட்டையில் காலணித் தொழிற்சாலை அமைப்பதற்காக, தைவான் நாட்டின் பௌ சென் நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. முதலீடு 2,302 கோடி ரூபாய் என்றும், படிப்படியாக 20,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்த கள்ளக்குறிச்சியின் பக்கம் தொழில்துறையின் பார்வை திரும்பியுள்ளது என்பதற்கு இதுவே அறிகுறி.

நமக்கு ஏற்ற தொழில்கள்

இனி, நம் வட்டாரத்தின் மண்ணுக்கும் மக்களுக்கும் ஏற்றவை எவை என்று பார்ப்போம்.

ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 90 முதல் 100 கிலோ வரை சர்க்கரை கிடைக்கிறது. சக்கை சுமார் 300 கிலோ; கழிவுப்பாகு 40 கிலோவுக்கு மேல். சக்கையிலிருந்து மின்சாரமும், கழிவுப்பாகிலிருந்து எத்தனால் என்னும் எரிசாராயமும் உற்பத்தி செய்யும் நுட்பங்கள் நாடெங்கும் நிலைபெற்றுவிட்டன. மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுக்கலாம். ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 370 லிட்டருக்கு மேல் கிடைக்கும். பெட்ரோலில் எத்தனாலைக் கலக்கும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டில் வெளியிட்டது. கரும்பும் மக்காச்சோளமும் ஒருங்கே விளையும் மாவட்டம் நம்முடையது. ஆகவே வேளாண்மையோடு ஒட்டிய நுட்பத் தொழிலுக்கு நம்மிடம் மூலப்பொருள் இருக்கிறது.

மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. சாமையும் தினையும் தேனும் கடுக்காயும் புளியும் தரும் மலை அது. அங்கு விளைவதைத் தரம் பிரித்து, ஈரம் போக்கி, அளவாகக் கட்டி, இன்ன ஊரில் இன்ன நாளில் விளைந்தது என்ற விவரத்துடன் இணையவழியே விற்க இயலுமானால், இடைத்தரகர் கைக்குச் செல்லும் பங்கில் ஒரு பகுதி விளைவித்தவரிடமே நிற்கும். வேலை தேடி வெளி மாநிலங்களுக்குக் குடும்பத்தோடு செல்லும் மலைவாழ் மக்களுக்கு இஃது ஒரு பற்றுக்கோடாகும். பெற்றோர் ஊரில் இருந்தால் பிள்ளைகளின் படிப்பும் இடையில் நின்றுபோகாது. புவிசார் குறியீடு பெற்றுள்ள கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கும் இதே வழி பொருந்தும்.

மூன்றாவதாக, பழுதுபார்க்கும் தொழில்கள். சூரிய மின்தகடு, மின்சார இருசக்கர வண்டி, மருந்து தெளிக்கும் ட்ரோன், தானியங்கி மோட்டார் இயக்கி ஆகியவை இன்று கிராமத்துக்குள் வந்துவிட்டன. பழுதுற்றால் அவற்றைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். ஆலைப் பட்டறையில் பழகிய கைகள் உள்ள இவ்வூரைக் காட்டிலும் இத்தொழிலுக்கு ஏற்ற இடம் வேறு யாது?

நான்காவது, முன்னர்க் கூறிய கணிப்பொறிப் பணி. இருபது பேர் அமர்ந்து வேலை செய்யும் ஒரு மையம் போதும். பெங்களூரில் உள்ள நிறுவனம் ஒன்று தன் பணியாளர் சிலரை அவர்தம் சொந்த ஊரிலேயே இருந்து பணியாற்ற இசைந்தால், அவர்களுக்கு மேசையும் மின்சாரமும் இணையமும் வாடகைக்குத் தரலாம். ஊராட்சிக்கும் வருவாய் உண்டு.

இத்தகைய முயற்சிகளுக்கு அரசின் துணை உண்டு. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான 'நீட்ஸ்' திட்டத்தில் 5 கோடி ரூபாய் வரையிலான தொழில்களுக்கு 25 சதவிகித மானியம், 75 இலட்சம் ரூபாய் உச்சவரம்புடன் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்காக 2023ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மானியம் 35 சதவிகிதம். மாவட்டத் தொழில் மையத்தை அணுகினால் விவரங்கள் கிடைக்கும். மலையில் உள்ள இளைஞர்கள் இதனை அறிந்துகொள்ளுமாறு செய்வது ஊராட்சித் தலைவர்களின் கடமை.

பூட்டிக் கிடந்த அறை

நம் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊராட்சியில் (ஊர்ப்பெயர் வேண்டா) கணிப்பொறி அறை ஒன்று அமைக்கப்பட்டது. ஆறு கணிப்பொறிகள், மேசைகள், மின்கலம் யாவும் வந்து சேர்ந்தன. திறப்பு விழாவில் அலுவலர்களாகிய நாமும் மாலை ஏற்றுக்கொண்டோம். அடுத்த முறை பார்க்கச் சென்றபோது அறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று அறியவே அரை நாள் ஆயிற்று. திறந்து பார்த்தால் மின்கலத்தில் உப்புப் பூத்திருந்தது. விசைப்பலகையில் எலி கூடு கட்டியிருந்தது. மாதந்தோறும் மின்கட்டணம் யார் செலுத்துவது, மின்கலத்தை யார் மாற்றுவது, காலையில் யார் திறப்பது என்ற மூன்று கேள்விகளையும் நாம் தொடக்கத்தில் கேட்கவில்லை. பொருள் வாங்கும் பட்டியல் இருந்தது. பொறுப்பாளர் பட்டியல் இல்லை.

இத்தவறு மற்றவர்களுடையது என்று நாம் சொல்லித் தப்பிக்க இயலாது. கோப்பில் "பணி முடிவுற்றது" என்று எழுதியவர்கள் நாமே. உண்மையில் அன்றுதான் பணி தொடங்கியிருக்க வேண்டும்.

பின்னர் அவ்வூர் மகளிர் குழுவினர் இருவர் அறையைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டனர். சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்துத் தருவதற்கும் படி எடுத்துத் தருவதற்கும் சிறு கட்டணம் பெற்று, அதிலிருந்தே மின்கட்டணம் கட்டி வருகின்றனர். ஆறு கணிப்பொறிகளில் மூன்றே இப்போது இயங்குகின்றன. எனினும் அறை நாள்தோறும் திறந்திருக்கிறது. திறந்திருக்கும் மூன்று, பூட்டியிருந்த ஆறைவிட மேலானது.

இடமும் நீரும்

இடத்தைப் பற்றிக் கூறுவதாகச் சொன்னோம். தொழில் வருகிறது என்ற பேச்சு எழுந்தவுடனே நிலத் தரகர்கள் முந்திக்கொள்வது இயல்பு. ஏரிப் புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் "சும்மா கிடக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். ஏரி சும்மா கிடப்பதில்லை, மழைக்காகக் காத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலுக்குப் பின், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதையும், தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாட்டையும் நாம் கண்டோம். வெள்ளம் எங்கெங்கு ஏறியது என்பதை இங்கு உள்ள முதியோர்கள் சுவரில் கோடிட்டுக் காட்டுவார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே எந்தத் தொழிற்கூடமும் எழலாகாது.

தொழில் வளர்ந்த ஊர்களின் பின்விளைவும் நமக்குத் தெரியும். கெலவரப்பள்ளி அணையில் நீர் நுரை பொங்கி வெளியேறும் காட்சியைச் செய்தித்தாள்களில் பல முறை பார்த்திருக்கிறோம். அதே ஆறுதான் நம் வயலுக்கும் வருகிறது. மேலே உள்ளவர்கள் செய்ததை நாம் கீழே உள்ளவர்களுக்குச் செய்தல் தகாது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத தொழில், எத்துணைப் பேருக்கு வேலை தருவதாயினும், நமக்கு வேண்டா.

நல்வாய்ப்பாக, நாம் இன்று பேசிய தொழில்களுள் பெரும்பாலானவற்றிற்கு நூறு ஏக்கர் தேவையில்லை. ஓர் அறை போதும். அவ்வறைகள் நம்மிடமே இருக்கின்றன. புதிய கட்டடம் வந்தபின் கைவிடப்பட்ட பழைய ஊராட்சிக் கட்டடங்கள், பயன்பாடற்ற சேவை மையங்கள், கூட்டுறவுச் சங்கங்களின் காலிக் கிடங்குகள் ஆகியவற்றுள் உறுதியானவற்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

உடனே செய்ய வேண்டுவன

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய நலத் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. வட்டார வளர்ச்சி என்னும் அமைப்பே அதிலிருந்து கிளைத்ததாகும். அதே நாளில் ஆண்டுதோறும் கிராம சபை கூடுகிறது. வருகின்ற அக்டோபர் 2ஆம் நாளுக்குள் ஒவ்வொரு ஊராட்சியும் மூன்று பட்டியல்களை ஆயத்தம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதற் பட்டியலில், ஊரில் உள்ளவர்களும் வெளியூரில் பணிபுரிபவர்களுமாகிய தொழில் அறிந்தோரின் விவரம் இருக்க வேண்டும். அவரவர் இசைவு பெற்றே எழுத வேண்டும். இரண்டாவதில், காலியாக உள்ள கட்டடங்களின் பரப்பும், கூரையின் நிலையும், மின் இணைப்பின் விவரமும் இருத்தல் வேண்டும். மூன்றாவது பட்டியல், ஒவ்வொரு கட்டடத்திற்கும் பொறுப்பேற்க முன்வருவோர் யார் என்பது. மூன்றாவது நிரம்பாத ஊருக்கு முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு கணிப்பொறிகூட வாங்கித் தர மாட்டோம் என்பதை இப்போதே கூறிவிடுகிறோம். பூட்டிக் கிடந்த அறை நமக்குக் கற்பித்தது அது.

நம் வலிமை யாது என்று தொடக்கத்தில் கேட்டோம். சாலை இருக்கிறது; விளைபொருள் இருக்கிறது; இயந்திரத்தோடு பழகிய கைகளும், படித்த பிள்ளைகளும், ஒன்றுகூடி ஓர் ஆலையையே எழுப்பிய பழக்கமும் இருக்கின்றன. குறையாக இருப்பவை ஒரு பட்டியலும், ஒரு சாவியும், அச்சாவிக்கு ஒரு பொறுப்பாளருமே. இவை வெளியிலிருந்து வரக்கூடிய முதலீடுகள் அல்ல.

அண்மையில் அந்தக் கரும்பு விவசாயியைச் சந்தித்தோம். "அந்தப் பழைய கட்டடத்தைத் திறக்கப் போகிறீர்களாமே, உண்மைதானா?" என்று கேட்டார். மகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் அவர் எதற்காகக் கேட்டார் என்பது நமக்குத் தெரியும். அக்டோபர் 2ஆம் நாளன்று கிராம சபையில் அவருக்கு விடை சொல்ல வேண்டிய கடமை நம் அனைவருக்கும் உண்டு.